கூறியது கூறலும் மயங்க வைத்தலும்: விளையாட்டு நூல்களில் மந்திரத் திறன்கள்

விளையாட்டு நூலொன்றைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது தமிழாசிரியன் ஒருவனுக்குத் தகுமா என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நேரியதே. ஆயினும், ஒன்றை வகுத்துத் தொகுத்து விதி கூறும் எழுத்து எதுவாயினும் அது நூல் என்னும் பெயருக்கு உரியது. நூலுக்குரிய குணமும் குற்றமும் அதற்கும் உண்டு. அவற்றை ஆராய்வது ஆசிரியனின் பணிக்குப் புறம்பானதன்று. மேலும், நம் உயர்நிலைப்பள்ளி மாணவரும் கல்லூரி மாணவரும் இன்று விரும்பிப் படிக்கும் தடித்த நூல்களுள் இவையும் சில. அவர்கள் படிப்பதை நாம் அறியாதிருத்தல் நமக்குப் பெருமை தராது.

ஈண்டு ஆராயப்படுவது, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் மந்திரம் சார்ந்த திறன்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும் நிலை. இவ்வகை விளையாட்டின் முதல் நூல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் அதனை 1974ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஆடுவோர் ஒவ்வொருவரும் வீரன், மந்திரவாதி, கள்வன், சமயகுரு எனக் கற்பனைப் பாத்திரம் ஒன்றை ஏற்பர். நடுவர் ஒருவர் கதையை நடத்திச் செல்வார். ஐயத்திற்குரிய செயலைப் பாத்திரம் முயலும்போது பகடை உருட்டப்படும். அதில் விழும் எண்ணோடு அப்பாத்திரத்தின் திறன் அளவைக் கூட்டி, குறித்த இலக்கை எட்டினால் வெற்றி, எட்டாவிடில் தோல்வி. விளையாட்டின் இயக்கம் சுருக்கமாக இவ்வளவே.

நான் கண்டதும் தடுமாறியதும்

சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில் என் மகனும் அவன் நண்பர்களும் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடி இவ்விளையாட்டை ஆடினர். அவர்கள் கையிலிருந்தது, 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பின் திருத்த வடிவம், 2003இல் அச்சானது. ஓரிடம் வெறுமையாக இருக்கவே என்னையும் அமரச் செய்தனர். நான் மந்திரவாதியைத் தேர்ந்தேன். ஏடும் எழுத்தும் உடையவன் அவனே என்பது காரணம்.

அறிவுத்திறன் 16 உடைய மந்திரவாதிக்குத் தொடக்கத்தில் திறன்களுக்கென 20 புள்ளிகள் கிடைக்கும். ஒரு திறனுக்கு நான்கு புள்ளிக்கு மேல் இட இயலாது. நான் மறைநூல் அறிவு, வரலாற்று அறிவு, புதிரெழுத்து வாசிப்பு, மன ஒருமைப்பாடு, எழுத்தர் தொழில் என ஐந்தினுக்கும் நான்கு நான்காகப் பகிர்ந்தேன். 'மறைநூல் அறிவு' என நான் தமிழாக்குவது, அந்நூல் 'நாலெட்ஜ் ஆர்க்கானா' எனக் குறிப்பது. பண்டை மறைபொருள்கள், மந்திர மரபுகள், மந்திரக் குறியீடுகள் ஆகியவற்றை அறிதல் அதன் பொருள் என்று நூல் விளக்கியிருந்தது. ஒரு மந்திரவாதிக்கு இதனினும் வேறென்ன வேண்டும் என்று எண்ணினேன்.

ஆட்டம் தொடங்கி அரைமணி கழிந்தபின், எதிரியான மந்திரவாதி ஒருவன் கையசைத்து மந்திரம் ஓதலானான். "அவன் ஓதும் மந்திரம் யாது?" என்று கேட்டேன். நடுவராக இருந்த இளைஞர், அதனை அறிய 'ஸ்பெல்கிராஃப்ட்' என்னும் மந்திர நுணுக்கம் தேவை. அதில் தங்களுக்குப் புள்ளி இல்லை. பயிலாதவர் அதனை முயலவும் விதி இடந்தராது என்றார். அடுத்த நொடியில் எங்களுள் இருவர் உறங்கி வீழ்ந்தனர். ஓதப்பட்டது உறக்க மந்திரம்! அன்று காலை என் பாத்திரம் தன் ஏட்டைப் பார்த்து ஆயத்தம் செய்திருந்ததும் அதே உறக்க மந்திரமே. தான் ஓதவல்ல மந்திரத்தைப் பிறன் ஓதக் கேட்டபோது என் மந்திரவாதிக்கு அது இன்னதென்று தெரியவில்லை.

என் மகன் சிரித்தவாறே, "அப்பா, உங்க ஆளுக்கு மந்திரத்தைப் பத்தித் தெரியும், மந்திரம் தெரியாது" என்றான். அனைவரும் சிரித்தனர்; நானும் சிரித்தேன். ஆயினும் அத்தொடர் என் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. அதனை ஆராயப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

நன்னூல் கூறும் குற்றங்கள்

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்துள் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினைத் தொகுத்துரைக்கின்றார். அவற்றுள் கூறியது கூறல், மயங்க வைத்தல், மாறுகொளக் கூறல் என்னும் மூன்றும் நம் ஆராய்ச்சிக்கு உதவுவன. முன் கூறிய பொருளையே மீண்டும் கூறுவது கூறியது கூறல். இதுவோ அதுவோ எனப் படிப்போர் ஐயுறுமாறு சொல்லுவது மயங்க வைத்தல். முன்னுக்குப் பின் முரண்படக் கூறுவது மாறுகொளக் கூறல்.

திறன்கள் ஒன்றன்மேல் ஒன்று படிதல் என்பது முதலிரண்டு குற்றங்களின் சேர்க்கையே ஆகும். ஒரே ஆற்றலுக்கு இரு பெயர் இட்டால் அது கூறியது கூறல். இவ்விரண்டனுள் எது இவ்விடத்திற்கு உரியது என நடுவரும் ஆடுவோரும் மயங்கினால் அது மயங்க வைத்தல்.

இந்நிலை எவ்வாறு எழுந்தது என்பதையும் காண்போம். 1974ஆம் ஆண்டு நூலில் இன்று நாம் காணும் திறன் பட்டியல் இல்லை. மந்திரவாதி மந்திரம் அறிவான், வீரன் வாள் அறிவான், அவ்வளவே. 1978இல் வெளியான ஆட்டக்காரர் கையேட்டில், பத்தாம் நிலையை எட்டிய கள்வன் மந்திரச் சுருளைப் படித்துப் பயன்படுத்த முயலலாம் என்னும் விதி காணப்படுகிறது. அதுவும் கள்வன் என்னும் வகுப்புக்குரிய சிறப்பாகவே கூறப்பட்டது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பின் பயிற்சிகளுள் 'ஸ்பெல்கிராஃப்ட்' தனிப்பெயர் பெற்றது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்போ, எல்லாச் செயலையும் திறன் என்னும் ஒரே அளவுகோலால் அளக்க முற்பட்டது. நோக்கம் உயர்ந்தது. ஆயினும் பல காலத்துப் பல விதிகளை ஒரே பட்டியலில் கொட்டியபோது, ஒன்றன் எல்லையில் மற்றொன்று கால் வைத்தது.

2003ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மந்திரம் சார்ந்தனவாக ஐந்து திறன்களைக் காணலாம். மந்திர நுணுக்கம், மறைநூல் அறிவு, மந்திரக் கருவி கையாளல், புதிரெழுத்து வாசிப்பு, மன ஒருமைப்பாடு என்பன அவை. இவற்றின் எல்லைகளை நோக்குவோம். மந்திரக் குறியீடுகளை அறிவது மறைநூல் அறிவு. ஆனால் பொறிக்கப்பட்ட மந்திரப் பொறியைப் படித்தறிவது மந்திர நுணுக்கம். பழைய, சிதைந்த எழுத்தைப் படிப்பது புதிரெழுத்து வாசிப்பு; ஆனால் சுருளிலுள்ள மந்திர எழுத்தை, அதற்கென உள்ள வாசிப்பு மந்திரத்தின் துணையின்றிப் படிப்பது மந்திர நுணுக்கம். அதே சுருளை மந்திரவாதியல்லாதவன் பயன்படுத்துவது மந்திரக் கருவி கையாளல். ஒரு சுருளின் முன் மூன்று திறன்கள் நின்று உரிமை கொண்டாடுகின்றன!

இவற்றின் உறவை நூலாசிரியரும் அறிந்தேயிருந்தனர். மறைநூல் அறிவில் ஐந்து புள்ளி உடையவர்க்கு மந்திர நுணுக்கத்தில் இரண்டு கூடும் என்று துணைவிதி ஒன்று வகுத்தனர். உறவு உண்டு என ஒப்புக்கொண்ட பின்னரும் இரண்டிற்கும் தனித்தனியே விலை கேட்கின்றனர். என் மந்திரவாதியைப் போல நான்கு புள்ளி உடையவனுக்கு அவ்விரண்டும் இல்லை.

இங்கு எழுவது சொல்லாராய்ச்சி மட்டுமன்று, நீதியும் ஆகும். வாள்வீரனுக்கும் அடிப்படைத் திறன்புள்ளி குறைவே. மந்திரவாதியைப் போல அவனுக்கும் அடிப்படை இரண்டே. ஆயினும் அவன் வாள்வலிமை நிலைதோறும் தானே உயர்கிறது. எதிரி ஓங்குவது வாள் என்றறிய அவன் புள்ளி செலவிட வேண்டுவதில்லை. மந்திரவாதிக்கும் மந்திரங்கள் வகுப்பினால் வந்து சேர்கின்றன. இதனை மறைத்தல் நடுநிலையாகாது. ஆனால் அம்மந்திரங்களை அறிந்துகொள்ள, அடியுண்ட வேளையிலும் மனம் சிதறாது ஓத, பிறர் ஏட்டிலிருந்து புதியன கற்க அவன் வேறு வேறு திறன்களுக்கு வரி செலுத்த வேண்டும். ஐந்து திறன்களுள் நான்கினை இவற்றுக்கே ஈந்தால் தன் வாழ்வுக்கென ஒரு தொழிலோ வரலாற்றறிவோ ஒன்றுக்கு மட்டுமே இடமிருக்கும். விளைவு யாது? எல்லா மந்திரவாதியரும் ஒரே அச்சில் வார்த்தவராகி விடுகின்றனர். பாத்திரப் படைப்பை வளர்க்க எழுந்த திறன் பட்டியல் பாத்திரங்களை ஒன்றுபோலாக்கி விடுகிறது.

மறுதரப்பார் கூற்று

இதற்கு மறுப்பு உண்டு, அது வலிமையானது. ஒன்றைப் பற்றி அறிதல் வேறு, ஒன்றைச் செய்ய அறிதல் வேறு என்பர். உண்மை. யாப்பிலக்கணம் முழுதும் மனப்பாடமாக உடையவர் நல்ல வெண்பா ஒன்று இயற்ற மாட்டாதிருத்தலையும், இலக்கண நூல் தொடாதவர் ஓசை பிழையாது பாடுதலையும் நாம் கண்டிருக்கிறோம். தேரின் வரலாறு கூறுபவர் வேறு. தேர் செய்யும் தச்சர் வேறு. ஆதலின் மறைநூல் அறிவையும் மந்திர நுணுக்கத்தையும் பிரித்தது பிழையன்று என்பது அவர் வாதம்.

பிரிவினை பிழையன்று என்பதை நானும் உடன்படுகிறேன். பிரித்த எல்லை பிழை என்பதே என் கூற்று. ஒரு பிரிவு தக்கதா என அறிய மூன்று வினாக்களை எழுப்பலாம். முதலாவது, ஒன்று உடையவனாய் மற்றொன்று இல்லாதவனாய் ஒருவனை இயல்பாகக் கருத முடியுமா? இரண்டாவது, இரண்டின் பயனும் விலையும் வேறு வேறா? மூன்றாவது, இவ்விடத்திற்கு எது உரியது என்பது நூலைப் புரட்டாமலே விளங்குமா?

இவ்வளவையால் நோக்கின் மந்திரக் கருவி கையாளல் என்பது முழுத் தகுதி பெறுகிறது. மந்திரம் ஒன்றும் அறியாத கள்வன், தன் துணிவாலும் பாசாங்காலும் மந்திரக்கோலை ஏமாற்றி இயக்குகிறான். அதனால் அத்திறனுக்கு அறிவை அன்றி ஆளுமையை அடிப்படையாக வைத்தனர். இத்தகையவனைக் கருதுவது எளிது. அவன் கதையும் சுவையுடையது.

இதனினும் சிறந்த சான்று, 1981இல் சாண்டி பீட்டர்சன் இயற்றிய 'கால் ஆஃப் கதுல்ஹு' என்னும் விளையாட்டில் உள்ளது. அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்டின் அச்சக் கதைகளைத் தழுவியது அது. அதில் 'அக்கல்ட்' என்றொரு திறனும் 'கதுல்ஹு மித்தோஸ்' என்றொரு திறனும் உண்டு. மேலோட்டமாக நோக்கின் இரண்டும் மறைபொருள் அறிவே. கூறியது கூறல் எனத் தோன்றும். ஆனால் முன்னது மாந்தர் தம் நம்பிக்கைகளையும் சடங்குகளையும் பற்றிய ஏட்டறிவு. எவ்வளவு கற்றாலும் கேடில்லை. பின்னது மாந்தர் அறியத்தகாத உண்மையை அறிதல். அது உயர உயர, அப்பாத்திரம் எட்டக்கூடிய மனத்தெளிவின் உச்சம் 99இலிருந்து அதே அளவு குறைந்துகொண்டே வரும். இரு திறனுக்கும் விலை வேறு; எனவே இரண்டும் வேறு. அவ்விளையாட்டின் உட்பொருளே இப்பிரிவில் அடங்கியுள்ளது எனின் மிகையன்று.

வினையும் பெயரும்

பகுக்கும் முறையில் ஒழுங்கு காட்டுவது, ஜானதன் ட்வீட், மார்க் ரெயின்ஹேகன் இருவரும் 1987இல் வெளியிட்ட 'ஆர்ஸ் மாஜிக்கா'. அதில் மந்திரக் கலைகள் பதினைந்து. ஐந்து கலைகள் இலத்தீன் வினைச்சொற்கள்: ஆக்குகிறேன், அறிகிறேன், மாற்றுகிறேன், அழிக்கிறேன், ஆளுகிறேன் என்பன. எஞ்சிய பத்தும் பெயர்ச்சொற்கள்: விலங்கு, நீர், காற்று, உடல், செடி, தீ, தோற்றம், மனம், நிலம், மந்திரவாற்றல் என்பன. வினையொன்றும் பெயரொன்றும் சேர்ந்தால் ஒரு மந்திரம். தீயை ஆக்குதல், மனத்தை அறிதல், நீரை மாற்றுதல் என ஐம்பது இணைகள் இவ்வாறு பிறக்கின்றன.

தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. பயனிலையும் செயப்படுபொருளும் சேர்ந்து தொடர் அமைவது போன்றதே. வினை பெயரின் இடத்தைக் கவர்வதில்லை. பெயர் வினையின் இடத்தைக் கவர்வதில்லை. ஆதலின் பதினைந்து கலைகள் இருந்தும் கூறியது கூறல் இல்லை. எண்ணிக்கை மிகுதி குற்றமன்று. எல்லை மயக்கமே குற்றம் என்பதற்கு இந்நூல் சான்று. இதன் ஆசிரியருள் ஒருவரான ட்வீட்டே, நாம் முன்னர்க் குறை கண்ட மூன்றாம் பதிப்பை ஆக்கிய மூவருள்ளும் ஒருவர் என்பது எண்ணத்தக்கது. வல்லுநர் கையிலும், பழைய மரபுகள் பலவற்றைச் சுமக்கும் நூலில் தெளிவு எளிதில் கைகூடுவதில்லை.

சேர்த்தலிலும் குறை

மயக்கத்தைத் தீர்க்கப் பின்வந்தோர் இரு வழிகளை மேற்கொண்டனர். 2009இல் வெளியான 'பாத்ஃபைண்டர்', மன ஒருமைப்பாட்டைத் திறன் பட்டியலினின்று நீக்கி, மந்திரம் வல்லார்க்கு இயல்பாகவே உரியதாக்கியது. புதிரெழுத்து வாசிப்பை மொழியியல் என்னும் திறனுக்குள் அடக்கியது. இரண்டும் நல்ல திருத்தங்கள். ஆயினும், ஓதப்படும் வேளையில் மந்திரத்தை அறிவது மந்திர நுணுக்கம், ஓதி முடிந்து நிலைபெற்ற மந்திரத்தை அறிவது மறைநூல் அறிவு எனப் புதிய எல்லை ஒன்றை இட்டது. விளக்கை ஏற்றும்போது அறிய ஒரு கண், எரியும்போது அறிய மற்றொரு கண் என்பது போன்றது இது.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' நான்காம் பதிப்பு 2008இலும் ஐந்தாம் பதிப்பு 2014இலும் வந்தன. இரண்டும் 'ஆர்க்கானா' என்னும் ஒரே கூடையில் மந்திர அறிவை இட்டன. சுருங்கச் சொல்லல் என்னும் அழகு வாய்த்தது; விளங்க வைத்தல் முழுமையாக வாய்க்கவில்லை. ஓதப்படும் மந்திரத்தை இன்னதென அறியும் விதி 2014ஆம் ஆண்டு அடிப்படை நூலில் இல்லை; 2017இல் வந்த துணைநூலே அதனைத் தந்தது. குன்றக் கூறல் என்னும் குற்றம் ஈண்டு நேர்ந்தது. அன்றியும், ஐந்தாம் பதிப்பில் சமய அறிவு என்னும் திறனுக்கு அறிவுத்திறனே அடிப்படை. சமயகுருவுக்கோ மெய்யுணர்வே முதன்மை. அதனால், நாள்தோறும் வழிபாடு நடத்தும் குருவினும் கோயில் வாயிலை மிதியாத மந்திரவாதி சடங்குகளை மிகுதியாக அறிந்தவனாய் அமைதல் கூடும். இது மாறுகொளக் கூறலுக்கு அணித்தானது.

2019இல் வந்த 'பாத்ஃபைண்டர்' இரண்டாம் பதிப்பு நான்கு மந்திர மரபுகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு திறனை உரிமையாக்கியது. சமயத்திற்கும் இயற்கைக்கும் மெய்யுணர்வு. மற்ற இரண்டிற்கும் அறிவுத்திறன். ஒரு மரபைச் சாராத மந்திரப் பொருளை நான்கனுள் எதனைக் கொண்டும் அறியலாம். நாற்புறமும் வாயில் அமைந்த மண்டபம் போல, எவ்வழியில் வந்தவரும் நடுவே கூட இயல்கிறது. நான் கண்டவற்றுள் நடுநிலை வாய்ந்த தீர்வு இதுவே.

வகுப்பறைக்கு ஒரு சொல்

இனி, இவ்வாராய்ச்சியை நான் ஏன் ஆசிரியர்முன் வைக்கிறேன் என்பதைக் கூறவேண்டும்.

1990களின் நடுவில், பயிற்சி முடித்து வந்த இளம் ஆசிரியனாக ஒரு தோட்டப்புறப் பள்ளியில் பணியாற்றினேன். நான்காம் ஆண்டில் ஒரு சிறுமி. எழுத்துக் கூட்டி மெல்லவே படிப்பாள். வாசிப்பில் குறைந்த மதிப்பெண் இட்டேன், அது முறை. இலக்கணத் தேர்வை நீண்ட பத்திகளாக அமைத்திருந்தேன். அவள் பாதி வினாவையும் எட்டவில்லை. இலக்கணத்திலும் குறைந்த மதிப்பெண். கட்டுரைத் தேர்வின் குறிப்புகள் ஒரு பக்க அளவு, அதிலும் அவ்வாறே. மூன்று கட்டங்களிலும் சிவப்பு மையால் எழுதி, அவள் தந்தையை அழைத்துக் காட்டினேன். அவர் அத்தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்போ இவளுக்கு ஒண்ணுமே வராதுங்களா, சார்?" என்றார். நான் மறுக்கவில்லை. அடுத்த ஆண்டு அவள் பின்தங்கிய வகுப்பில் அமர்த்தப்பட்டாள்.

சில திங்கள் கழித்து, அவ்வகுப்பில் ஒருநாள் மாற்றாசிரியனாக நுழைந்தபோது, வேற்றுமைகளை வாய்மொழியாகக் கேட்டேன். அவளே எழுந்து எட்டினையும் எடுத்துக்காட்டோடு கூறினாள். இலக்கணம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரே குறைக்கு நான் மூன்று பெயரிட்டு மூன்று முறை தண்டித்திருந்தேன்.

விளையாட்டு நூலார் செய்த பிழையும் நான் செய்த பிழையும் ஒன்றே. பட்டியல் இடுவது எளிது. பட்டியலின் ஒவ்வொரு பெயரும் தனக்கென ஓர் ஆற்றலைக் குறிக்கிறதா எனச் சோதிப்பது அரிது. கேட்டல் பேச்சு, வாசிப்பு, எழுத்து, செய்யுளும் மொழியணியும், இலக்கணம் என நாம் இன்று தனித்தனியே அடைவுநிலை குறிக்கிறோம். பிரிவு நல்லதே. ஆனால் இலக்கணத்தை அளக்கும் வினா உண்மையில் வாசிப்பை அளக்கவில்லை என்பதற்கு யார் பொறுப்பு? வினாத்தாளை ஆக்கும் நாமே.

மேசையில் தவறினால் கற்பனை மந்திரவாதி ஒருவன் வீழ்வான். அடுத்த கிழமை மற்றொருவன் எழுவான். அங்கே திருத்தப் பதிப்பும் வெளிவருகிறது. வகுப்பறையில் வீழ்பவர்க்கு அவ்வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை. அந்தத் தந்தையின் வினாவுக்கு நான் அன்று கூறியிருக்க வேண்டிய விடை, "வாசிப்பு மட்டுந்தான் ஐயா, அதையும் சரி செய்யலாம்" என்பதாகும். இதனை எழுதும் வேளையிலும் அவ்விடை காலம் கடந்ததாகவே இருக்கிறது. ஆசிரியப் பெருமக்கள் தம் கையிலுள்ள பட்டியலை ஒருமுறை எடுத்து, எப்பெயர் எதன்மேல் படிந்துள்ளது என நோக்குவார்களாக.